இப்ப சத்தம் வரும்

துவக்கு ராசன் அண்ணை நேற்றுப் பின்னேரம் போய்விட்டார்.

ஜெர்மனியில் ஆஹென் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு... தொண்ணூறுகளில் எங்கள் தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்தைத் துவக்க ஒரு துவக்கு வேண்டியிருந்தது. துவக்கினவர் அவர். பட்டம் வைத்தவன் நான்.

பயப்படாதீர்கள், வெற்றுத் தோட்டாத் துப்பாக்கி. சத்தம் மட்டும்தான்.

வாங்கப் போனபோது மொழிபெயர்ப்பாளரும் நான்தான், வயது பதினைந்து. ஒரே துவக்கு எல்லாவற்றுக்கும் காணவேண்டும்: ஓட்டப் போட்டி, பொங்கல் நாடகத்து இன்ஸ்பெக்டர், புதுவருட இரவில் வாணம் விட...

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ரிவோல்வர்தான் நல்லது, இடையில் சிக்காது என்றார். நான் பளபளப்பான பிஸ்டலைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் வேஷம் எனக்கல்லவா!

"வடிவைப் பாக்காதை தம்பி. மூண்டையும் சுட்டுக் காட்டச் சொல்லு."

கீழே நிலவறைக்குப் போனோம். அண்ணை சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் சத்தம். "வேண்டாம். இது ஊரில, சந்தையடியில கேட்டது."

இரண்டாவது. "இது எங்கட வீட்டு ஒழுங்கை."

மூன்றாவது, யாரோ கதவை அடித்துச் சாத்தியதுபோல... "இது எங்கையும் கேக்கேல்லை. இதை எடு. இதுக்கு மலர் பயப்பிடமாட்டா."

மலர் அக்கா அவருடைய மனைவி. ஜெர்மனிக்கு வந்த பிறகும் தெருவில் டயர் வெடித்தால் மேசைக்குக் கீழே போய்விடுவார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், என்ன சொல்கிறார் என்று. "கலர் பிடிக்கவில்லையாம்" என்றேன்.

அப்படித் தேடி எடுத்த துவக்கையும் அவர் சும்மா சுட்டதில்லை. முதலில் மைக்கில், "இப்ப சத்தம் வரும். காதைப் பொத்துங்கோ." சுட்ட பிறகு, "சத்தம் முடிஞ்சுது. கையை எடுங்கோ." மைதானத்தில் அம்மாமார் எல்லோரும் ஒன்றாகப் பொத்தி, ஒன்றாக எடுப்பார்கள்.

ஒருமுறை அண்ணை தேநீர் எடுக்கப் போனார். மைக் மேசையில் தனியாகக் கிடந்தது... நானும் கிடந்தேன்.

அவர் குரலிலேயே சொன்னேன். "இப்ப சத்தம் வரும். காதைப் பொத்துங்கோ."

எல்லோரும் பொத்தினார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சத்தம் வரவில்லை. ஒரு கைகூடக் கீழே இறங்கவும் இல்லை.

"சும்மா பகிடிக்கு!" என்று என் சொந்தக் குரலில் கத்தினேன். யாரும் அசையவில்லை. முன்வரிசையில் மலர் அக்கா கண்ணை இறுக்கி மூடியிருந்தார். கொடி அடிக்கிற சத்தம் மட்டும்... எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணை தேநீரோடு ஓடிவந்தார். வானத்தைப் பார்த்துச் சுட்டார். "சத்தம் முடிஞ்சுது. கையை எடுங்கோ." அத்தனை கைகளும் இறங்கின.

பிறகு என்னிடம் வந்தார். "என்ர குரல் உனக்கு நல்லாத்தான் வருது. அடுத்தமுறை ரெண்டாவதையும் சொல்லு."

இன்று காலை அவர் மகன் தீபன் எனக்குப் போன் எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் அண்ணை கடைசியாகப் பேசியது மலர் அக்காவோடுதானாம். "மலர், இப்ப சத்தம் வரும். காதைப் பொத்து."

அக்கா பொத்தினார். இன்னும் எடுக்கவில்லை. சாப்பாடு இல்லை, தண்ணீரும் இல்லை.

"நான் சொல்லிப் பாத்தன்டா. என்ர குரலுக்கு எடுக்கிறா இல்லை. உனக்கு அப்பான்ர குரல் வரும்தானே?"

இப்போது ரயிலில் இருந்து எழுதுகிறேன். கொஞ்சம் முன்னர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்படியே வருகிறது.

எதிரே இருந்த ஜெர்மன் பெண் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த காலி இருக்கையைப் பார்த்தார்.

அண்ணை... போயிட்டு வாங்கோ. ரெண்டாவதைச் சொல்லத்தான் போறன்.