வைக்கிங் பெண்களின் திறப்பு

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வெளிநாட்டு அழைப்புக் கடை. லண்டனில் இருக்கும் அண்ணனோடு கதைக்கக் காத்திருக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து வரும் வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிய எரிச்சல் இன்னும் போகவில்லை. பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் வியாழக்கிழமை நோர்வேக்குப் பறக்கிறாள், போட்டோவில் மட்டும் பார்த்த மாப்பிள்ளையைக் கட்ட. மடியில் அந்த நாட்டைப் பற்றிய புத்தகம்.

“அக்கா, அங்க முந்தி வைக்கிங் ஆக்கள் இருந்தவையாம். புருஷன் கப்பலேறினா வீட்டுத் திறப்பெல்லாம், பெட்டகச் சாவி உட்பட, பெண்சாதியின்ர இடுப்பிலதான். சரிவராட்டி, சாட்சி வைச்சுச் சொல்லிப்போட்டு அவள் பிரிஞ்சு போகலாமாம்.”

“கட்ட முதலே பிரியிறதைப் பற்றி யோசிக்கிறீரோ?”

“இல்லையக்கா, திறப்பைப் பற்றித்தான்.”

அவளுடைய மாப்பிள்ளையின் அழைப்பு வருகிறது. தொலைபேசிக் கூண்டின் கதவு சரியாக மூடாது; பேசுவதெல்லாம் வெளியே கேட்கிறது. சுகம் கேட்கிறாள், குளிர் எப்படி என்று கேட்கிறாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “எனக்கெண்டு வீட்டுத் திறப்பு ஒண்டு வைச்சிருக்கிறீங்களோ?”

வரிசையில் நிற்கும் ஐயா ஒருவர் பேப்பரை மடித்துவிட்டுக் காதைத் தீட்டுகிறார்.

அவள் ரிசீவரைப் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்புகிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

“எயார்போட்டுக்கே கொண்டு வாறாராம். நீங்கள் எல்லாரும் சாட்சி.”