பல்கார் சிங்கின் ஞாயிற்றுக்கிழமைப் பால் கேன்

பல்கார் சிங்குக்கு எதையும் குடைந்து பார்க்காமல் இருக்க முடியாது. மாடு தீவனத்தை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், அது ஏன் திருப்பிக்கொண்டது என்று தானும் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிற ஆள். இத்தாலிய நகரமான பிரேஷாவுக்குத் தெற்கே, பெர்லிங்கி என்பவரின் மாட்டுத் தொழுவத்தில் இருபத்து நான்கு வருடமாகப் பால் கறக்கிறார். அதற்கு முன்னால் இரண்டு வருடம் ஒரு சர்க்கஸில் குதிரைகளுக்குப் புல் போட்டார். மனைவி ஒரே ஒரு குளிர்காலம் வந்து கூட இருந்தார். "கன்னுக்குட்டிக்குப் போடுற சூட்டு விளக்குகூட உங்க ரூம்ல இல்ல" என்று சொல்லிவிட்டு, ஜலந்தர் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார்.

போன ஜூலையில் ஒரு மாடு எத்தியதில் பல்கார் சிங்கின் வலது முட்டி பெயர்ந்துவிட்டது. ஊருக்குப் போய், முட்டியை மாற்றிக்கொண்டு, ஏழு மாதம் கழித்து பிப்ரவரி மூடுபனியில் திரும்பி வந்தார். அந்த ஏழு மாதமும் மனைவி நெய் வழிய வழியத்தான் பரிமாறினார். ஆனாலும் நாக்கு வேறொன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தது. இதை மனைவியிடம் சொல்லியிருந்தால் இன்னொரு முட்டியும் போயிருக்கும்.

நாக்கு கேட்டது ஸுபைதாவின் மோர்க்குழம்பை. பிரேஷா ரயில் நிலையத்துக்கு எதிரே, பாகிஸ்தானின் சியால்கோட்காரர் துஃபைல் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் கிடைப்பது. துஃபைல் கல்லாவில் இருப்பார், அவர் மனைவி ஸுபைதா அடுப்படியில். சனி ஞாயிறுகளில் மகள் மெஹ்விஷ் பரிமாறுவாள். பெயர்ப்பலகையில் 'இந்திய, பாகிஸ்தான் உணவு' என்று இருக்கிறதே, அதில் 'இந்திய' என்பதைச் சண்டை போட்டுச் சேர்க்க வைத்ததே பல்கார் சிங்தான். ஞாயிறு மட்டும் அங்கே 'கடி' என்ற பஞ்சாபிக் குழம்பு உண்டு. புளித்த மோரில் கடலைமாவு கரைத்து, வெங்காயப் பகோடா போட்டு, இரண்டு மணி நேரம் சிறு தீயில் கொதித்து வருவது. நம் மோர்க்குழம்புக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கார் சிங் அமிர்தம் பருகித் தீட்சை எடுத்த சீக்கியர், ஹலால் கறி தொடமாட்டார். அவருக்காக ஸுபைதா ஒரு கரண்டியின் காம்பில் நீல நூலைச் சுற்றி, கறிச்சட்டிப் பக்கமே போகாதபடி தனி ஆணியில் மாட்டி வைத்திருந்தார். இவர் கேட்டுச் செய்ததல்ல. அதுபோல யாரும் கேட்காமலேதான் இவரும் ஞாயிறு காலைக் கறவை முடிந்ததும், முதலாளி தனக்கு விட்டுக்கொடுக்கும் பத்து லிட்டர் பாலைக் கேனோடு கொண்டுபோய் அந்தக் கடையில் வைத்துவிட்டு வருவார். ஸுபைதா அதை உறை ஊற்றி, கடைந்து, புளிக்கவிட்டு அடுத்த ஞாயிறு குழம்பாக்குவார். பத்தொன்பது வருடமாக இது நடந்தது. ஊருக்குக் கிளம்பும்போது, தன் இடத்துக்கு வந்த லக்வீரிடம், "ஞாயித்துக்கிழமை பால் கேனைக் கொண்டுபோய்க் குடுத்துடு, மறந்துடாத" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

திரும்பி வந்த முதல் ஞாயிறு, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு கிலோ வெல்லத்தோடு கடைக்குள் நுழைந்தார்.

"வாங்க சர்தார்ஜி. உக்காருங்க. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துதா?" என்றார் துஃபைல்.

பல்கார் சிங் தனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடமும் 'வாடா மாட்டுக்காரா' என்பதைத் தவிர வேறெதையும் அந்த வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. வெல்லத்தை நீட்டினார். "எதுக்கு உங்களுக்கு சிரமம்" என்று துஃபைல் அதைக் கல்லா ஓரத்தில் வைத்தார், பிரிக்கவில்லை. வெல்லம் என்றால் பொட்டலத்தோடு கடிக்கிற மனிதர்.

மெஹ்விஷ் வந்து மெனு அட்டையை நீட்டினாள். அந்த அட்டையை அவர் கையில் தொடுவது அதுதான் முதல் தடவை.

"அட்டை எதுக்கு தாயி? மோர்க்குழம்பு கொண்டா."

"அது இல்ல மாமா. நிறுத்தி மாசக்கணக்காச்சு."

"ஏன்?"

"அம்மாதான் வேண்டாம்னுட்டாங்க."

பல்கார் சிங் எழுந்து, புது முட்டி கடகடக்க, சமையலறை ஜன்னலில் தலையை நீட்டினார். ஸுபைதா முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நீல நூல் கரண்டி ஆணியில்தான் தொங்கியது. காம்பில் தூசி படிந்திருந்தது.

"தங்கச்சி, சௌக்கியமா?"

"அல்லா புண்ணியத்துல," என்றார் ஸுபைதா, திரும்பாமலே.

பருப்பும் ரொட்டியும் வந்தன. பருப்பு நன்றாகத்தான் இருந்தது. அதுவே அவருக்கு எரிச்சலாக வந்தது. என்ன தப்பு செய்தோம் என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். வெல்லம் ஒரு கிலோ போதாதோ? மெஹ்விஷுக்குத் துணி எடுத்து வந்திருக்க வேண்டுமோ? ஆஸ்பத்திரியில் கிடந்தபோது துஃபைல் ஒரு தடவை போன் செய்ததாக மனைவி சொன்னார், திருப்பிக் கூப்பிட விட்டுப்போனது. அதற்கா இவ்வளவு? ரொட்டியைப் பாதியிலேயே வைத்தார். கல்லாவுக்குப் போனார்.

"துஃபைலு, நேராவே கேக்கறேன். நான் என்ன பண்ணேன்?"

"நீங்க என்ன பண்ணீங்க, ஒண்ணுமில்ல. காலம் அப்படி. டிவில பாத்திருப்பீங்களே. ரெண்டு நாடும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சிட்டு நின்னப்போ, அவங்கவங்க அவங்கவங்க பக்கம் போயிட்டாங்க."

"டிவிக்கும் மோர்க்குழம்புக்கும் என்னடா சம்பந்தம்?"

துஃபைல் சுத்தமாக இருந்த கல்லா மேஜையை மறுபடி துடைத்தார்.

இனி அந்த மனிதரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது என்று தெரிந்து, பல்கார் சிங் நொண்டிக்கொண்டே ஞாயிறு வழிபாட்டுக்குக் குருத்வாராவுக்குப் போனார். லங்கர் என்னும் பொதுச் சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்ததும் பரிமாற வந்த ஜோகிந்தர் கௌர் கிண்ணம் நிறையப் பாயசத்தை ஊற்றினார்.

"நல்லா சாப்பிடுங்க, உங்க வீட்டுப் பாயசம்தான். நீங்க ஊருக்குப் போனதுலேருந்து வாராவாரம் உங்க தொழுவத்துப் பால் வருது. பிரார்த்தனைல உங்க பேரையும் சொல்லிட்டுத்தான் இருக்கோம்."

பல்கார் சிங் கிண்ணத்தைக் கீழே வைத்தார். குழாயடியில் லக்வீர் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயது, பக்திமான், சொன்ன வேலையை நூல் பிசகாமல் செய்கிறவர்.

"லக்வீரா, இந்தக் கேனை எங்க குடுக்கச் சொன்னேன்?"

"எங்கன்னு நீங்க சொல்லலியே அண்ணே. ஞாயித்துக்கிழமை, பால் கேன், குடுத்துடுன்னீங்க." லக்வீர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். "குருத்வாரா தவிர வேற எங்க குடுப்பாங்க?"

ஞாயிற்றுக்கிழமைப் பாலை எங்கே கொண்டுபோவது என்று இந்தச் சமவெளியில் உள்ள எந்தச் சீக்கியரைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். நூறு பேரில் நூறு பேரும் கேட்காமலே இங்கேதான் கொண்டுவந்திருப்பார்கள்.

திரும்பக் கடைக்கு நடந்தபடியே பல்கார் சிங் கணக்குப் போட்டார். துஃபைல் கடையில் தேநீர் குடிப்பவர்களில் பாதிப்பேர் இந்தப் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள்தான். இரண்டு நாடும் முறைத்துக்கொண்ட அதே மாதத்தில் பத்தொன்பது வருடப் பால் கேன் நின்று போகிறது. அது குருத்வாராவுக்குப் போகிறது, ஒலிபெருக்கியில் பல்கார் சிங் பெயர் கேட்கிறது என்று யாரோ தேநீரோடு சொல்லியிருக்கிறார்கள். போன் செய்தால் அதற்கும் பதில் இல்லை. துஃபைல் வேறு என்னதான் நினைப்பார்? என்னைப் போய் இப்படி நினைத்துவிட்டார்களே என்று பல்கார் சிங்குக்கு முதலில் கோபம்தான் வந்தது. கடை வாசலை எட்டுவதற்குள் அந்தக் கோபம் முழுவதும் அவர் மேலேயே திரும்பிவிட்டது.

கல்லாவைக் கடந்து நேராக ஜன்னலுக்குப் போனார்.

"தங்கச்சி, கத்தியைக் கீழ வெச்சிட்டுக் கேளு. கேனைக் குடுத்துடுன்னு லக்வீர்கிட்ட மூணு தடவை சொன்னேன். எங்கன்னு ஒரு தடவைகூடச் சொல்லல. அவன் குருத்வாராவுக்குக் கொண்டுபோயிட்டான். இன்னிக்குத்தான் எனக்கே தெரியும்."

வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

"எங்கன்னு ஏன் சொல்லல?" என்றார் துஃபைல், பின்னாலிருந்து.

"எனக்குத் தோணவே இல்ல. நம்ம வீட்டுக்குப் போற பாலுக்கு எவனாவது விலாசம் சொல்லுவானாடா?"

துஃபைல் தலையைக் குனிந்துகொண்டு வெல்லப் பொட்டலத்தின் நூலைப் பிரிக்க ஆரம்பித்தார். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்தார். "ஏழு மாசம்," என்றார். "ஏழு மாசம் ராவும் பகலும் உன்னைத் திட்டினேன்டா, மாட்டுக்காரா. அத்தனையும் வீணாப் போச்சு."

ஸுபைதா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்துவந்து ஜன்னல் பலகையில் வைத்தார். உள்ளே கெட்டித் தயிர்.

"நீங்க கடைசியாக் கொண்டுவந்த பால்ல எடுத்த உறை அண்ணே. கடையில பால் வாங்கி, விடாம ஊத்தி வெச்சிட்டு வரேன்."

"குழம்பே வைக்கிறதில்லன்னுட்டு, இதை எதுக்கு ஊத்தி வெச்சே?" அந்த நேரத்திலும் பல்கார் சிங்கால் குடையாமல் இருக்க முடியவில்லை.

"எதுக்குன்னு எனக்கும் தெரியல. ஒவ்வொரு ஞாயிறும் கொட்டிடணும்னுதான் கையில எடுப்பேன்." ஸுபைதா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இது எட்டு நாளாப் புளிச்சிருக்கு. இப்ப அடுப்புல ஏத்தினா ரெண்டு மணி நேரமாகும்."

"ஆகட்டும். நாளைக்குத்தான் வேலை."

"குருத்வாராவுக்குக் குடுக்கறதை நிறுத்திடாத, பாவம்," என்றார் துஃபைல், வாய் நிறைய வெல்லத்தோடு.

"நிறுத்துவேனா? பெர்லிங்கிகிட்ட இன்னொரு கேன் கேக்கறேன். என் முட்டியை உடைச்சது அவர் மாடுதானே."

ஸுபைதா நீல நூல் கரண்டியை ஆணியிலிருந்து எடுத்துக் கழுவினார். தூக்கிலிருந்து ஒரு கரண்டித் தயிரை அள்ளி, புளிப்புப் பார்க்கச் சொல்லி ஜன்னல் வழியே நீட்டினார். பல்கார் சிங் அதை வாயில் விட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். தாடிக்குள் ஒரு சொட்டு வழிந்தது. அது தயிர் இல்லை.

"எப்படி இருக்கு?" என்றார் ஸுபைதா.

"உப்பு இல்ல," என்றார் பல்கார் சிங்.