பாங்கும் கால் மெசினும்

சாச்சாவின் கால்கள் மூச்சு விடுகின்றன என்று மூன்றாம் ஆண்டு வகுப்பில் நான் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. வந்து பாருங்கள் என்றேன்.

கல்முனை பஸாரில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த சாச்சா, வாப்பாவின் தம்பி, ஒப்பரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டு முன்னறையில் அசையாமல் கிடந்தார். அப்படிக் கிடக்கும் காலில் இரத்தம் உறைந்து கட்டியாகும், அது நெஞ்சுக்கு ஏறினால் ஆள் தப்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றில் புண் இருந்ததால் இரத்தத்தை இளக்கும் ஊசியும் போட முடியாது. அதனால்தான் கொழும்பிலிருந்து அந்த மெசின் வந்தது.

பிரஷர் பார்க்கும் பட்டியைப் போல, முழங்கால் வரை இரண்டு நீள உறைகள். கால்மாட்டில் ஒரு பெட்டி. அது காற்றை ஊத, இடது கால் உப்பி இறுகும், புஸ்ஸென்று தளரும், பிறகு வலது கால். இறுக்கம் பன்னிரண்டு எண்ணும் வரை. நானே எண்ணினேன், ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

நோய் விசாரிக்க வந்த மாமி, "எங்க மனே, காலக் கொஞ்சம் புடிச்சி உடுறன்" என்று குந்தினார்.

"தேவல்ல மாமி, மெசின் புடிக்கிது. அதுக்குக் கை நோகாது" என்றேன் நான்.

"ஓ, டாக்டரம்மா செல்லிட்டா!" என்று முகத்தை நீட்டினார் மாமி.

பாங்கு சொன்னால், கேட்டு அதற்குப் பதில் சொல்ல வசதியாக டீவியை நிறுத்துவது எங்கள் வீட்டில் என் வேலை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியோடு போட்டி போட்டுக்கொண்டு மெசின் மட்டும் புஸ்ஸென்றது எனக்கு மரியாதையாகப் படவில்லை. அதையும் நிறுத்தினேன். பாங்கு முடிந்ததும் போட்டுவிடுவேன். அந்தி நேர மஃரிபுக்கு மட்டும் குர்ஆன் ஓதப் போகிற அவசரத்தில் மறந்துபோகும். திரும்பி வந்துதான் போடுவேன். சாச்சா மாத்திரை மயக்கத்தில் கிடப்பார். மெசின் ஓய்வெடுக்கிறது என்று மற்றவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

பாண்டிருப்பிலிருந்து வரும் நேர்ஸ் மிஸி ஒருநாள் இடது கெண்டைக்காலை நாடாவால் அளந்தார். மறுபடியும் அளந்தார். வீங்கியிருந்தது. பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தி, மெசின் ஓடிய மணித்தியாலங்களைப் பார்த்தார்.

"இதென்ன, நேரம் குறையுது? ஆர் நிப்பாட்டுறது?"

எல்லாரும் சுவிட்சைப் பார்த்தார்கள். சாச்சா என் முகத்தைப் பார்த்தார்.

"கரண்ட் போகுது மிஸி. பின்னேரத்துல ஒவ்வொரு நாளும்" என்றார்.

மிஸி உறைகளைக் கழற்றினார். ஸ்கேன் பார்க்கும் வரை மெசினும் வேண்டாம், ஒருவரும் காலைப் பிடித்துவிடவும் வேண்டாம், கட்டி இருந்தால் கிளம்பிவிடும் என்றார். மாமி நீட்டிய கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். அம்புலன்சில் ஏற்றும்போது சாச்சா வாப்பாவின் கையை விடவேயில்லை.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகுதான் திரும்பி வந்தார்கள். கட்டி இல்லை, வெறும் வீக்கம். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதார். மெசின் மறுபடி ஊதத் தொடங்கியது. மஃரிப் பாங்கு கேட்டதும் நான் வழக்கம்போல் எழுந்தேன்.

"மகள், டீவிய மட்டும் நிப்பாட்டுங்க. இத உடுங்க. இதும் பாங்குக்கு ஜவாப்தான் செல்லுது" என்றார் சாச்சா.

பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். புஸ். புஸ். உண்மைதான் போலிருந்தது. அதன் பிறகு அந்த சுவிட்சை நான் தொடவில்லை.

ஒன்றுதான் விளங்கவில்லை. பின்னேரங்களில் கரண்ட் போனதென்றால், நான் ஓதிவிட்டு வரும்போதெல்லாம் சாச்சாவின் தலைக்கு மேல் ஃபேன் எப்படிச் சுற்றிக்கொண்டிருந்தது? அவரிடமே கேட்டேன்.

"அது வேற கரண்ட், மகள்."

அந்த வேறு கரண்டின் வயரை எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் பல நாள் தேடினேன்.