தூளிக்கடியில் அரிவாள்

பச்சைக் குழந்தையின் தூளிக்கு அடியில் இரும்பு இருந்தால் காற்று கருப்பு அண்டாது என்பார்கள். பேத்தி பிறந்ததும் மங்கம்மாள் சாமை அறுக்கிற அரிவாளைத் துடைத்துத் தூளிக்கு நேர் கீழே வைத்தாள். வம்பு அங்கேதான் தொடங்கியது.

மருமகள் காவியா ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. மலைக்காட்டில் ஒற்றையாளாய் ஆடு மேய்த்தவள், நிறைமாதம் வரை களத்தில் சாமை புடைத்தவள். அவளுக்குத்தான் இருபதாம் நாள், பால் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூளியில் போடக் குனிந்தபோது அரிவாள் கண்ணில் பட்டு, 'இதை எடுத்து நானே பிள்ளையை ஏதாவது செய்துவிட்டால்?' என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவே இல்லை. சீ, நானெல்லாம் ஒரு தாயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அரிவாளை விறகு அடுக்கில் ஒளித்தாள். சாயந்திரம் மங்கம்மாள் தேடி எடுத்து வந்து வைத்தாள். மறுபடி ஒளித்தாள், மறுபடி வந்தது. மூன்றாம் முறை கூடவே ஒரு கொடுவாளும் வந்தது. மருமகள் மிரள மிரள விழிக்கிறாள், காற்று பலமாக அடித்திருக்கிறது என்று மங்கம்மாளுக்கு முடிவு. நல்ல முடிவு போங்கள்.

"பெத்தவளுக்கே புள்ள மேல அக்கற இல்லன்னா ஊரா வந்து பாக்கும்?" என்று ஒரு நாள் சொல்லியும் விட்டாள். அது நியாயம்தான் என்று காவியா நம்பினாளே, அதுதான் கொடுமை.

பால் கொடுக்க மட்டும் பிள்ளையைத் தொட்டாள். புருஷன் தனசேகரன் கேட்டதற்குக் கை வலி என்றாள். நர்ஸ் சரிதா வந்து, "மனசு எப்படி இருக்குது?" என்றபோது, "நல்லாருக்குங்க" என்றாள். பொய் சொன்ன உறுத்தலும் சேர்ந்துகொண்டது. சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள், சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ. சோறு இறங்கவில்லை.

புளி உலுக்க எல்லோரும் போன நாளில் பிள்ளை வீறிட்டது. காவியா வாசலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். சாக்கு எடுக்கத் திரும்பி வந்த மங்கம்மாள் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள்.

"கொழந்த கத்துது, இன்னாடி குந்திகினு கீற?"

"கிட்ட போவ பயமா இருக்குது அத்த. அந்த அரிவாள பாத்தா, என் கையே புள்ளைய ஏதாச்சும் பண்ணிடும்னு நெனப்பு வருது. நான் பாவி. புள்ளைய நீங்களே வச்சிக்குங்க, என்னிய எங்கனா அனுப்பிடுங்க."

மூன்று முறையும் தேடித் தேடி வைத்தவள் மங்கம்மாள்தானே. பிள்ளையைத் தோளில் போட்டபடி அரிவாளையும் கொடுவாளையும் எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். திரும்பி வந்து காவியாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"தனசேகரன் பொறந்தப்ப நான் கெணத்தாண்ட போவவே மாட்டேன். தண்ணி எடுக்கலன்னு என் மாமியா திட்டும். ஏன் போவலன்னு இன்னி வரிக்கும் யாராண்டயும் சொன்னதில்ல."

மறுநாள் ஜீப் பிடித்துத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சீட்டு எழுதுகிறவர் மங்கம்மாளின் தோளில் இருந்த பிள்ளையைப் பார்த்து, "கொழந்தைக்கு இன்னா?" என்றார்.

"கொழந்த நல்லாருக்குது. பெத்தவளுக்குத்தான் பாக்கணும்" என்றாள் மங்கம்மாள். அவர் எழுதி முடிக்கும் வரை நின்றிருந்தவள், "எனக்கும் ஒரு சீட்டு போடுங்க" என்றாள்.