ஞாயிறு, மாலை நாலு இருபது

என் கணவரைக் கிடத்தியிருந்த கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். தலைமாட்டில் நான். கால்மாட்டில் என் மகள். திருச்சியில் நர்சிங் படிக்கிறவள், மதியம்தான் வந்து சேர்ந்தாள். சுவரோரம் நாத்தனார். வாசற்படியில் என் கணவரின் அண்ணன், விக்கிரமங்கலத்திலிருந்து வந்தவர். தூணுக்குப் பக்கத்தில் எதிர்வீட்டுக்காரி. வெளியே பந்தலில் தப்பு அடிக்கிறவர்கள், பாடை கட்டியவர்கள். கூடத்து நடுவில், பெஞ்சில் அவர்.

காலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். பெரம்பலூர் கொண்டுபோனோம். வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று அண்ணன் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

நான் எட்டாவது வரை படித்தவள். எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன வானொலியில் அறிவிப்பாளராக இருக்கிறேன். மகளிர் குழுவோடு ஒருமுறை பேசப் போனேன். குரல் நன்றாக இருக்கிறது, வா என்றார்கள். போனேன். அங்கேயே இருந்துவிட்டேன்.

பேசும் அறையில் ஒரு மைக், ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். எதிரே ஆள் கிடையாது. ஆனாலும் எங்கோ களை எடுக்கிற ஒருத்தி பட்டன் ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். தினமும் நாலு மணிக்கு அவளிடம் பேசுவதாகவே பேசுவேன். சிறுவாச்சூர் கோயிலில் பூ வாங்கப் பேரம் பேசினால் முன்னால் நிற்கிறவள் திரும்பிப் பார்ப்பாள். "நீங்க நாலு மணி அக்காதான?" என்பாள். டிவி வந்தும் செல்ஃபோன் வந்தும் இது போகவில்லை. கை வேலையாக இருக்கும்போது காது சும்மாதானே இருக்கிறது.

அவர் சாவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, வெங்காயப் பட்டறை பற்றிப் பேச வரவேண்டியவர் வரவில்லை. அறுத்த வெங்காயத்தை மூங்கில் தட்டிக்குள் காற்றுப் போகும்படி அடைத்து வைப்பதைத்தான் பட்டறை என்போம். என்னைக் கூட்டிப்போக என் கணவர் வண்டியோடு நிலைய வாசலில் நின்றார். பதிவு செய்கிற பெண் அவரைப் பிடித்து மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போடலாம் என்றாள்.

இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. மூன்றரை மணிக்கு அந்தப் பெண் ஃபோன் செய்தாள்.

"அக்கா, நாலு இருபதுக்கு அண்ணன் பட்டறை பத்திப் பேசுனது இருக்கு. எடுத்துட்டு பாட்டு போட்டுடவா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். தாடை கட்டியிருந்தது.

"போடு."

"பாட்டாக்கா?"

"அவர."

ஃபோனை வைத்துவிட்டு அண்ணனிடம் சொன்னேன். "மாமா, நாலு இருபதுக்கு அவரு ரேடியோவுல பேசுறாரு. கேட்டுட்டு எடுக்கலாம்."

"என்னம்மா சொல்ற? ராகுகாலம் பொறந்துடும்."

"பொறக்கட்டும்."

"எங்க ஊருக்கு எட்டாத ரேடியோ. ஒரு நாளும் நான் கேட்டதில்ல. அதுக்காவ பொணத்த நிறுத்தி வைக்கணுங்கிற. ஊரு சிரிக்காது?"

நான் தலைமாட்டை விட்டு எழவில்லை. நகரவும் இல்லை.

நாத்தனார் சொன்னாள்: "உடுண்ணே. வாயே தொறக்காத மனுசன். என்னதான் பேசியிருக்குன்னு நீயும்தான் கேளேன்."

எதிர்வீட்டுக்காரி தன் ரேடியோவைக் கொண்டுவந்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். பந்தலில் தப்பு அடிக்கிறவர்களில் மூத்தவர் கையைக் காட்டினார். "நிறுத்துங்கடா. அண்ணன் பேசப்போறாரு."

முதலில் என் குரல் வந்தது. வெள்ளிக்கிழமைக் குரல்.

"வணக்கம் ஐயா. உங்களப் பத்தி நேயர்களுக்குச் சொல்லுங்க."

"சொல்றதுக்கு என்ன இருக்கு. வெங்காயம் போடுறேன். ஆமா, நீங்க யாரும்மா? எங்க வூட்டுக்காரி கொரல் மாரியே இருக்கு?"

பந்தலில் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஈரத்தோட பட்டறை போடாதீங்க. காத்து போவணும். இதத்தான் வூட்டுலயும் சொல்றேன், யாரு கேக்குறா? ரேடியோவுல சொன்னாவாவது கேக்குறாங்களான்னு பாக்குறேன்."

"ஐயோ, என்னாமா பேசுது பாரு," என்று நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டாள்.

நாலரை ஆனது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"இந்த வருசம் வெல கெடைக்குமா ஐயா?" என்று என் குரல் கேட்டது.

அவர் பேசவில்லை.

வானொலியில் இப்படி இடைவெளி விடக் கூடாது. நிலையம் நின்றுபோச்சு என்று நினைத்து, கேட்கிறவர்கள் வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். பதிவில் வந்தால் வெட்டிவிடுவோம். எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். இதை யாரும் வெட்டவில்லை.

ரேடியோவில் அவர் மூச்சு விடுவது கேட்டது. மூக்கில் லேசாக விசில் அடிக்கும். தூங்கும்போதும் அப்படித்தான்.

அண்ணன் படியிலிருந்து எழுந்து வந்து ரேடியோ முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காதைப் பக்கத்தில் வைத்தார்.

"மூச்சு வுடுறான்," என்றார். யாரிடம் சொன்னாரோ.

பிறகு ரேடியோவில் அவர் சொன்னார்: "பாப்போம்." இசை வந்தது. நிகழ்ச்சி முடிந்தது.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடுங்கப்பா," என்றார். ராகுகாலத்தில்தான் எடுத்தோம்.

காரியம் எல்லாம் முடிந்து வேலைக்குப் போனேன். பதிவு செய்கிற பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்குங்கக்கா, அந்த இடைவெளிய வெட்ட நேரம் இல்லாமப் போச்சு," என்றாள்.

"அத மட்டும் தனியா எடுத்து என் ஃபோன்ல போட்டுக் குடு," என்றேன்.

"பேசுனது வேணாமாக்கா?"

"அது மக ஃபோன்ல புடிச்சு வெச்சிருக்கா."

எடுத்துக் கொடுத்தாள். களை எடுக்கிற பெண்களிடம் இப்போதும் நாலு மணிக்குப் பேசுகிறேன். குரல் மாறவில்லை என்கிறார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அதைப் போடுவேன். போட்டதும் முடிந்துவிடும். மறுபடி போடுவேன்.

அது எவ்வளவு நேரம் என்று பதிவு செய்கிற பெண்ணிடம் கேட்டேன். திரையைப் பார்த்துச் சொன்னாள்.

எட்டு நொடி.