செலஸ்ரீனாவின் ஏழு சீற்

அந்தக் காரை நொறுக்கக் கொடுத்துவிடு என்று செலஸ்ரீனாவிடம் சொல்லாதவர்கள் அந்த ஆண்டு இத்தாலியின் பலெர்மோவில் யாருமே இல்லை. 1997ஆம் ஆண்டு அது. பழைய காரைக் கொண்டுபோய் நொறுக்கக் கொடுத்தால் புதுக் காரின் விலையில் அரசாங்கம் ஒரு பங்கைக் கழிக்கும் என்று சட்டம் வந்திருந்தது. ஊருக்கே புதுக் கார்ப் பித்து. பூசைக்குப் போனாலும் அதே கதை, பல்லரோச் சந்தையில் மீன் வாங்கப் போனாலும் அதே கதை. மீன் வெட்டுகிறவன்கூட, "சின்யோரா, அந்தக் கிழவியை இன்னும் புதைக்கவில்லையா?" என்று கேட்டான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவள் மீனை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மற்றவர்கள் வாயோடு விட்டார்கள். அக்காவின் புருஷன் அகஸ்ரின் அப்படி விடவில்லை. ஒரு ஞாயிறு, சீசாப் பகுதியில் இருந்த அவளுடைய இரண்டறை வீட்டுக்கு வந்து, மேசையில் இருந்த சோற்றுக் கோப்பையை ஒதுக்கிவிட்டு, படம் போட்ட வழுவழுப்பான தாளை விரித்தார்.

"இஞ்சை பார் பிள்ளை. புத்தம் புதுசு. பெற்றோல் குடிக்காது, நிப்பாட்ட இடம் தேடி அலையவும் தேவையில்லை. என்ரை பேரிலை எடுப்பம். உந்தக் கிழட்டு பீஜோவைக் குடுத்துத் துலை."

"எத்தினை பேர் இருக்கலாம் அத்தான்?"

"நாலு பேர் சோக்கா இருக்கலாம். உனக்கென்ன, பிள்ளையோ குட்டியோ?"

அந்தச் சொல் அவளுக்குச் சுட்டது. பேசாலைக் கடலுக்கு மீன்பிடிக்கப் போன அவள் புருஷன் றோபேட் திரும்பி வந்திருந்தால் இவர் இப்படிக் கேட்பாரா? ஆனாலும் அவள் குரலை உயர்த்தவில்லை.

"காலமை வீட்டு வேலைக்கு நாங்கள் ஏழு பேர் போறம். மிச்சம் மூண்டு பேர்?"

"பஸ் ஓடுதுதானே."

"எந்த மூண்டு பேர் எண்டு சொல்லுங்கோ."

அகஸ்ரின் தாளை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். எந்த மூன்று பேரைச் சொல்வார்? அந்த ஏழு பேரில் ஒருத்தி அவருடைய பெண்சாதி அருள்நாயகி.

மற்ற ஐந்து பேரையும் சொல்லிவிடுகிறேன். அம்பிகைக்கு முழங்கால் வீக்கம், பஸ் படியில் ஏற முடியாது. மொனிகாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். கேசிகா பார்க்கிற கிழவியை ஆறரைக்குப் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வரும். அனிற்றாவை வேலைக்கு வைத்திருக்கிற சின்யோரா வாசலில் மணிக்கூட்டோடு நிற்பவள். ஸ்ரெல்லாவின் கதைதான் எல்லாரையும் பயமுறுத்தி வைத்திருந்தது. போன மாரியில் பஸ் வராமல் மூன்று முறை பிந்திப் போனாள். மூன்றாம் நாள் வேலை போய்விட்டது. வேலை போனால் வதிவிட அனுமதியும் ஆட்டம் காணும். திரும்ப வேலைக்கு ஒரு வீடு பிடிக்கும்வரை அந்தப் பெண் தின்னாமல் கிடந்ததைப் பார்த்த செலஸ்ரீனா, "இனி ஒருத்தியும் பஸ்ஸிலை போகத் தேவையில்லை" என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து விடிய ஆறு மணிக்கு அந்த நீலப் பீஜோ சீசாவிலிருந்து பணக்காரர் வீடுகள் இருக்கிற லிபெர்த்தாவுக்கு ஏழு பேரோடு போகிறது.

அந்தக் கார் அவளிடம் வந்த கதையும் ஒரு கதைதான். பலெர்மோவுக்கு வந்த புதிதில் லிபெர்த்தாவில் ஒரு வீட்டில் படுக்கையாய்க் கிடந்த எஞ்சினியர் ஒருவரைப் பார்த்துக்கொள்ள அவளை விட்டார்கள். வட ஆபிரிக்காவில் வீதி போட்ட மனுஷன். பொல்லாத பிடிவாதக்காரர். சூப்பைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். தன் பீஜோ 504இன் கைநூலை யாராவது வாசித்தால்தான் வாய் திறக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு கரண்டி. செலஸ்ரீனாவுக்கு அப்போது இத்தாலிய மொழியில் 'காலை வணக்கம்' தவிர ஒன்றும் தெரியாது. எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிழையாக வாசித்தால் கிழவர் கட்டிலில் அடிப்பார், கரண்டி பறக்கும். மூன்று வருடம் இந்தக் கூத்து நடந்தது. அதனால் வெங்காயத்துக்கு இத்தாலியச் சொல் தெரியும் முன்பே அவளுக்குச் சுருள் வில்லுக்குச் சொல் தெரிந்திருந்தது. சந்தையில் ஊமை, கராஜில் வாயாடி.

504 என்ற குடும்பத்தின் முழு வரலாறும் இப்படித்தான் அவள் தலையில் ஏறியது. 1968இல் முதலில் வந்தது நாலு கதவுச் சலூன்; பின்பக்கம் சரிந்து, முன்விளக்குகள் இரண்டும் அழப்போகிற பிள்ளையின் கண்கள் மாதிரி இருக்கும். மறுவருடமே ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பட்டம் வாங்கிவிட்டது. பிறகு பணக்காரருக்கு இரண்டு கதவுக் கூபே, கூரை மடிகிற கப்ரியோலே. அதற்குப் பிறகு உடம்பை நீட்டி, சாமான் ஏற்ற ஒரு எஸ்டேற். அதே உடம்பில் மூன்று வரிசை இருக்கை போட்டு ஃபமிலியாலே. கடைசியாக மூட்டை ஏற்றும் பிக்அப். பிரான்சில் 83இல் சலூனை நிறுத்தினார்கள். ஆபிரிக்காவில் இன்னும் செய்கிறார்கள். "கூபே தன்னைக் காட்டப் போகிறவனுக்கு. ஃபமிலியாலே ஆட்கள் இருக்கிறவனுக்கு" என்பார் கிழவர். அவருடையது 79ஆம் ஆண்டு ஃபமிலியாலே. அவர் கண்ணை மூடிய பிறகு, கராஜை அடைத்துக்கொண்டு நின்ற அந்தக் காரை அவருடைய மனைவி, "உன் வாயால்தான் அவர் சாப்பிட்டார், நீயே கொண்டுபோ" என்று கொடுத்துவிட்டார். செலஸ்ரீனா இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் லைசென்ஸ் எடுத்தாள்.

முதல் ஓட்டத்துக்குப் பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். அம்பிகை யாழ்ப்பாணத்துச் சைவக்காரி, அதோடு விடுவாளா? நாலு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்த பிறகுதான் ஏறினாள். இங்கே நம்முடைய தேசிக்காய் கிடைக்காது, சிசிலியின் பெரிய எலுமிச்சைதான். "மாதாவும் வரட்டும், பிள்ளையாரும் வரட்டும். ஆனா அவை ரெண்டு பேருக்கும் சீற் இல்லை, சொல்லிப்போட்டன்" என்று செலஸ்ரீனா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த ஏப்ரலில் காருக்குப் பரிசோதனைத் தவணை வந்தது. அகஸ்ரினுக்கு வாய்த்துவிட்டது. "பதினெட்டு வயசுக் கார். எப்பிடித் தேறுமெண்டு பாப்பம்" என்றார்.

செலஸ்ரீனாவுக்கு மூக்கில் கோபம். "விழுந்தா நானே கொண்டுபோய் நொறுக்கக் குடுக்கிறன். தேறினா நீங்கள் உந்தக் கதையை என்ரை வாசலிலை எடுக்கக் கூடாது. சரியோ?"

"ஓம், சரி."

சொன்ன பிறகு அவளுக்கு இரவெல்லாம் நித்திரை இல்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாளே! தன் ஒருத்தியின் கார் என்றால் பரவாயில்லை, ஆறு பேரின் சோற்றையல்லவா பந்தயம் வைத்துவிட்டாள்?

பரிசோதனை நாள் ஒரு சனிக்கிழமை. அந்த ஆறு பேரும், "நாங்கள் இல்லாமல் போவியோ?" என்று ஏறிக்கொண்டார்கள். நிலைய வாசலில் அகஸ்ரின் முன்னமே நின்றார். புதுக் கார்க் கடைப் பெடியன் ஒருவனையும் அவனுடைய பளபளப்பான காரில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், கையோடு கையெழுத்து வாங்கிவிட! வரிசையில் நின்றபோது, "கால் மரத்துப்போச்சு, கொஞ்சம் நடந்திட்டு வாறன்" என்று அம்பிகை இறங்கினாள். முழங்கால் நோகிறவளுக்கு இப்போது என்ன நடை என்று கேட்க செலஸ்ரீனாவுக்கு நேரமில்லை. அம்பிகை திரும்பி ஏறியதும் முறை வந்தது. காரை உள்ளே எடுத்து எல்லாரையும் இறக்கினாள்.

பரிசோதகர் வசந்தகாலப் பூந்தூசியில் மூக்கடைத்துத் தும்மிக்கொண்டிருந்தார். ஏழு பெண்கள் இறங்குவதைப் பார்த்தவர் பின்கதவைத் திறந்தார். "இந்தக் கடைசி இருக்கையை யார் பிறகு பொருத்தியது? எஸ்டேற்றுக்கு ஐந்து பேர்தான், சின்யோரா."

"இது எஸ்டேற் இல்லை, ஃபமிலியாலே" என்றாள் செலஸ்ரீனா. கைநூல் இத்தாலியன் தானாக வந்தது. "சலூனில் சக்கரங்களுக்கிடையே இரண்டு மீற்றர் எழுபத்துநாலு. இதில் இரண்டு மீற்றர் தொண்ணூறு. பின் அச்சில் சுருள் வில் நாலு. ஏழு பேரைத் தாங்கத்தான் நாலு. வாகனப் புத்தகத்தில் இருக்கைகள் ஏழு என்று இருக்கிறது. அந்தச் சீற்றை ஒட்டிய தடம் எங்கேயாவது இருந்தால் காட்டுங்கள்."

அவர் புத்தகத்தைப் பார்த்தார். ஏழு. ரோர்ச்சை அடித்துக் கீழே பார்த்தார். நாலு. ஆனால் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"இங்கே ஈரம்." மற்றச் சக்கரத்துக்குப் போனார். "இங்கேயும்." நாலையும் சுற்றி வந்தார். "நாலு சக்கரத்திலும் பிரேக் எண்ணெய் ஒழுகுகிறது. இது வீதிக்குப் போகாது, சின்யோரா."

"நான் சொன்னனான்தானே!" அகஸ்ரின் கையைத் தட்டினார். கடைப் பெடியன் பேனையைத் திறந்தான்.

செலஸ்ரீனா திரும்பிப் பார்த்தாள். ஸ்ரெல்லா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். மாதாவே, இந்த ஆறு பேருக்கும் நான் என்ன சொல்லுவேன்? பிறகு அவளுக்கு அந்தக் கிழவரின் கட்டில் அடி காதில் கேட்டது. பிழையாக வாசித்தால் திரும்ப வாசி! நாலு சக்கரத்திலும் எண்ணெய் போனால் மிதி தரைவரை போகவேண்டுமே? காரில் ஏறிப் பிரேக்கை மிதித்தாள். கல்லு மாதிரி நின்றது. இறங்கி முழங்காலிட்டு, ரயரில் விரலை வைத்தாள். முகர்ந்து பார்த்தாள். நிமிர்ந்து அம்பிகையைப் பார்த்தாள். அம்பிகை கூரையைப் பார்த்துக்கொண்டு தேவாரம் முணுமுணுத்தாள்.

"அடி விசரி!" என்றாள் செலஸ்ரீனா. எல்லாரும் பார்க்கவே விரலை நக்கினாள். பிறகு பரிசோதகரைப் பார்த்து, "நீங்களும் நக்கிப் பாருங்கள்" என்றாள்.

"என்னது?"

"பலெர்மோக்காரருக்கு எலுமிச்சை தெரியாதா?"

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். மற்றப் பரிசோதகர்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ரோசம் வந்து, ரயரில் விரலைத் தொட்டு நுனி நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. தும்மினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அம்பிகை வெளியே போய், வரிசையில் கார் நின்ற இடத்தில் சப்பளிந்து கிடந்த எலுமிச்சைத் தோல்களைப் பொறுக்கிக் கொண்டுவந்து காட்டினாள். "நல்லதுக்குத்தான் வைச்சனான்" என்றாள் குற்றமும் இல்லாமல் வெட்கமும் இல்லாமல்.

சக்கரங்களைத் துடைத்து, காரை உருளைகளில் ஏற்றிப் பிரேக்கைச் சோதித்தார்கள். பதினெட்டு வயதுக் கிழவி நாலு காலிலும் உறுதியாக நின்றாள். முத்திரை விழுந்தது. செலஸ்ரீனா அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு அழுதாள். மொனிகா அவளைக் கட்டிப்பிடித்ததில் இடையில் வயிறு இடித்தது.

கடைப் பெடியன் பேனையை மூடினான். இனி இங்கே வியாபாரம் இல்லை என்று கண்டதும், அகஸ்ரினிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பெண்கள் ஏறினார்கள். முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் இரண்டு. அகஸ்ரின் வந்து நடுக் கதவைப் பிடித்தார். "சரி சரி, தேறியிட்டுது. கொஞ்சம் நெருங்கி இருங்கோ, நானும் வாறன்."

"ஏழு சீற்தான் அத்தான். இப்பதான் முத்திரை குத்தித் தந்தவை."

"விசர்க்கதை கதையாதை. ஒராள் இறங்கட்டும்."

"ஆர் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அகஸ்ரின் உள்ளே எட்டிப் பார்த்தார். அம்பிகையின் முழங்காலைப் பார்த்தார். மொனிகாவின் வயிற்றைப் பார்த்தார். கேசிகா, அனிற்றா, ஸ்ரெல்லா ஒவ்வொருத்தியும் அவர் கண்ணை நேரே பார்த்தார்கள். கடைசியில் பெண்சாதியிடம் வந்து நின்றார்.

அருள்நாயகி மடியில் இருந்த பையை இறுக்கிக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ," என்றாள், "பஸ் ஓடுதுதானே."

கதவைச் சாத்திக் கண்ணாடியை ஏற்றினாள். செலஸ்ரீனா கியரைப் போட்டாள்.