துணைக்கு ஒரு கோழி

1908 பிப்ரவரி 11, செவ்வாய். ஐந்து மணிக்கு எழுந்து ஆற்றில் குளியல். ஆறரைக்கு வண்டி புறப்பாடு. நண்பகலில் நீராகாரம், அரைமணி நேரத் தூக்கம். கடிதம் யாருக்கும் எழுதவில்லை.

மாலை நாலு மணிக்கு, அம்பாசமுத்திரத்துக்கு இன்னும் ஆறு மைல் இருக்கையில், ஒரு காளை நொண்டுகிறது. சாலையோரத் தோட்டத்தில் இரவு தங்க இடம் கேட்கிறோம். நடுவயதுப் பெண் ஒருத்தி அங்கே தனியாக இருக்கிறாள். பட்டியில் ஒரு செம்மறி, அதன் காலடியில் ஒரு கோழி. வேறு எதுவும் இல்லை.

"குழம்புக்குக் கோழியத் தாரியளாக்கா?" என்று வண்டிக்காரர் கேட்கிறார்.

"தரமாட்டேன். அது ஆட்டுக்குத் துணைக்கு நிக்கு."

"ஆட்டுக்குக் கோழி துணையா? நல்ல கூத்தா இருக்கே!"

"சிரிங்க அண்ணாச்சி. ஏழு ஆடு சீக்குல போயிட்டு. மிச்சம் இது ஒண்ணுதான், செனையா இருக்கு. ஒத்தையில குழையத் தொடமாட்டேங்கு. கோழி பக்கத்துல நின்னு கெளறினாத்தான் ரெண்டு வாய் திங்கும்." பிறகு என்னைப் பார்க்கிறாள். "அய்யா ஒத்தையிலயா வாறிய?"

ஆமாம் என்கிறேன். அவள் உள்ளே போய்க் கஞ்சி கொண்டுவருகிறாள். வண்டிக்காரர் காளைக்கு ஒத்தடம் கொடுக்கப் போகிறார்; நான் கஞ்சி குடிக்கிறேன். குடித்து முடிக்கும்வரை அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுக்கிறாள்.

12, புதன். எழுந்ததும் முதலில் பட்டிக்குப் போகிறேன். கோழி முட்டையிடக் கூடைக்குள் ஏறியிருக்கிறது. ஆடு, கட்டிவைத்த குழையைத் தொடாமல் நிற்கிறது. அதன் அருகில் குந்தி, கீழே கிடக்கும் சருகைக் குச்சியால் கிளறுகிறேன். வெகுநேரம் கழித்து அது ஓர் இலையைக் கடிக்கிறது.